வாய்மொழி உத்தரவு

திரை புதியது. மடிப்புக் கோடுகள் இன்னும் போகவில்லை, பச்சைத் துணியில் கட்டம் கட்டமாக நிற்கின்றன, கிடங்கில் கிடந்த துணியின் பூச்சி உருண்டை வாசனை. போன வாரம்வரை இங்கே திரை என்று ஒன்று கிடையாது. டயாலிசிஸ் வார்டின் கடைசி மூலையில் நானும் என் இயந்திரமும் எல்லோர் கண்ணிலும் படும்படிதான் கிடந்தோம். இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளையும் இன்று காணோம். பசை காய்ந்த இடம் மட்டும் சதுரமாக அழுக்கேறித் தெரிகிறது. "இன்னிக்கு மட்டும்மா, கமிட்டி போற வரைக்கும்" என்றாள் ஜெபக்கனி சிஸ்டர், திரையை இழுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். பார்த்திருந்தால் நான் ஏதாவது கேட்டிருப்பேன், அது அவளுக்குத் தெரியும். வலது கையில் இரண்டு ஊசிகள், ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகிறது, மற்றதன் வழியாகத் திரும்பி வருகிறது, குழாய் முழங்கைமேல் படிந்து கிடக்கும் இடத்தில் மட்டும் யாரோ ஒரு குழந்தை கன்னத்தை வைத்துத் தூங்குவதுபோல் இளஞ்சூடு, மீதி உடம்பெல்லாம் குளிர். நாலு மணி நேரம். திங்களும் வியாழனும் இப்படித்தான் போகின்றன, இதில் புதிதாக ஒன்றுமில்லை, பழகிப்போன வாழ்க்கை என்றுகூடச் சொல்லலாம், ஆனால் இன்று கூரையில் ஒட்டடை இல்லை. நேற்று அடித்திருக்கிறார்கள். அந்த ஒட்டடையை எனக்கு நன்றாகத் தெரியும், மின்விசிறிக் கம்பியிலிருந்து சுவர்வரை ஒரு பாலம்போல் தொங்கும், காற்றில் ஆடும், அறுந்துவிடும் அறுந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே எத்தனையோ மணி நேரத்தைக் கழித்திருக்கிறேன். இப்போது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தாகம் வேறு. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள், மாத்திரை விழுங்கவே அதில் பாதி போய்விடும், மிச்சத்தை நான் மாலைக்காக வைத்துக்கொள்வேன், வெயில் இறங்குகிற நேரத்தில் தண்ணீர் தனியாக இனிக்கும்.

திரைக்கு அடியில் ஒரு முழ இடைவெளி இருக்கிறது. அதில் கால்கள் மட்டும் வந்து போகின்றன. அதற்கு அந்தப் பக்கம் அடுத்த கட்டிலில் காஜா பாய், பேருந்து நிலையத்துக்கு எதிரே பரோட்டாக் கடை வைத்திருந்தவர், இப்போது கடை அவர் மச்சான் கையில், சால்னா ருசி கெட்டுப்போய்விட்டது என்பதுதான் தன் சிறுநீரகத்தைவிட அவருக்குப் பெரிய கவலை. "யக்கா, உள்ள இருக்கியளா, இல்ல உங்களையும் மடிச்சு பீரோவுல வச்சுட்டாகளா?" என்கிறார். "இருக்கேன் பாய்." "எங்களுக்கெல்லாம் புது பெட்ஷீட்டு. கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு வார்டு. வாசல்ல பூந்தொட்டி, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து தூக்கிட்டு வந்துருக்கானுவ. பந்தி எப்ப போடுவாகன்னுதான் தெரியல." ஜெபக்கனியின் வெள்ளைச் செருப்புகள் வேகமாக வருகின்றன. "பாய், பேச்சைக் குறைங்க, பி.பி. ஏறுது. கமிட்டி ஐயா கேட்டா நல்லா கவனிக்கிறாங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற கதை வேண்டாம்." "கதையா? உள்ளதத்தானம்மா சொல்லுவேன்." செருப்புகள் சற்று நின்று போகின்றன. எனக்குக் கால்களைவிடக் குரல்தான் பழக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுத்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான், முகம் தெரியாதவர்களின் குரல் வழியாகவே உலகத்தை அறிந்தவள், ஒரு ஹலோவிலேயே சாவுச் செய்தியா, கடன் கேட்கிற அழைப்பா, காதலா என்று சொல்லிவிடுவேன். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம்: காதில் விழலாம், நடுவில் வாயைத் திறக்கக்கூடாது. ஒரு தடவை ஒருவன் தன் தங்கைக்கு, அம்மா சௌக்கியமாக இருக்கிறாள் என்று சொன்னான். அதற்கு முந்தைய அழைப்பில்தான் அதே ஆள் சுடுகாட்டுக்கு விறகு சொல்லியிருந்தான். நான் இணைப்பைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்காரத்தான் சம்பளம். இங்கேயும் அதே வேலைதான் என்று தோன்றுகிறது, சம்பளம்தான் கிடையாது.

தலைக்குமேல் வலது பக்கம் அது மாட்டியிருக்கிறது. டயலைசர் என்று பெயர், வார்டில் எல்லோரும் ஃபில்டர் என்போம், சப்பாத்திக் கட்டை அளவில் ஒரு கண்ணாடிபோன்ற உருளை, உள்ளே மயிரிழை மயிரிழையாக வெள்ளை நூல்கள், என் ரத்தம் ஏறியதும் குங்குமம் கரைத்ததுபோல் ஆகிவிடும். என் சிறுநீரகம் செய்ய வேண்டியதை அது செய்கிறது. இன்று அதுவும் புதிது. கவரைப் பிரித்து என் கண்முன்னால்தான் மாட்டினாள் ஜெபக்கனி. முன்பு அப்படி இல்லை. முன்பெல்லாம் ஒருவருக்கு மாட்டியதையே கழுவி, மருந்து ஊற்றி, அவர் பெயர் எழுதிய டப்பாவில் வைத்து மறுபடி அவருக்கே மாட்டுவார்கள், அப்படி எத்தனையோ முறை. அதுதான் விதி, தப்பொன்றும் இல்லை, பெரிய ஊர்களிலும் அப்படித்தான் என்பார் டாக்டர். கழுவும் இடத்திலிருந்து புளித்த நெடி ஒன்று வரும், பழையது புளித்ததுபோல, ஆனால் கண் எரியும். என் டப்பாவில் "வனஜாட்சி" என்ற பெயரை நீல மையில் யாரோ அழகாக எழுதியிருந்தார்கள், ட்சி-யின் கொம்பு சுழித்து மேலே ஏறியிருக்கும், எழுதியவர் யாரென்று தெரியாமலேயே எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பிறகு ஒரு நாள் ரத்தப் பரிசோதனையில் எனக்கும் ஆட்டோ ஓட்டிய குருவையாவுக்கும் மட்டும் அந்தக் கிருமி வந்தது. ஹெபடைடிஸ் சி. கல்லீரலைத் தின்கிற மஞ்சள் காமாலைக் கிருமி. கழுவிய தண்ணீரிலா, கையுறையிலா, ஒரு நாள் அவசரத்தில் இரண்டு டப்பாக்கள் மாறியதிலா, யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் விரும்பவும் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் இந்த மூலை இயந்திரத்துக்கு மாற்றினார்கள், அதன் நெற்றியில் கிருமியின் பெயரை எழுதி அந்த மஞ்சள் தாளை ஒட்டினார்கள், காலையில் அவர், மதியம் நான். போன மாதம் குருவையா வருவதை நிறுத்திக்கொண்டார். இந்த வார்டில் வருவதை நிறுத்துவது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் நான் சொல்லவில்லை. மகன் கௌதமனிடம், ரத்தத்தில் ஏதோ எண்ணிக்கை கூடியிருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றேன். சாப்பாட்டில் இந்தக் கிருமி பரவாது, டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார், ஆனாலும் பேரப்பிள்ளை என் டம்ளரை எடுக்கும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கிடும், உப்பில்லாச் சாப்பாடு என்ற சாக்கு எனக்கு வசதியாகப் போயிற்று, தனித் தட்டு, தனி டம்ளர், தனிக் கரண்டி, மருமகள் சுமித்ராவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, என்னைக் கண்டிப்பான நோயாளி என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லுகிறாள்.

எங்களுக்குக் கிருமி என்று தெரிந்த அந்த வாரமே பழையதைக் கழுவி மாட்டுவதை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் புதியது. அதை நிறுத்தச் சொன்ன குரலை நான் கேட்டேன். இந்தக் கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசினார் இணை இயக்குநர், மாவட்டத்து ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் மேலதிகாரி, எனக்கு ரத்த அழுத்தம் இறங்கிக் கண்ணை மூடிக் கிடந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார். "புதுசே போடுங்க மேடம், எல்லாருக்கும். ஃபில்டர் கம்பெனிக்கு நான் சொல்லிடறேன். ஆனா பேப்பர்ல ஒண்ணும் வேண்டாம். ஆஸ்பத்திரியில வந்துச்சுன்னு ஒரு வரி எழுதினா நாளைக்கு டிவில ஓடும்." இந்த வார்டின் டாக்டர் பூங்கோதை ஏதோ சொல்ல வந்தார். "அதான் சொல்றேனே" என்றது குரல். அந்தச் "சொல்றேனே"யில் கடைசி எழுத்தை மட்டும் கொஞ்சம் இழுப்பார், மூக்கில் முடியும். மறக்க முடியாது. பிறகு கோடையில் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, வெறும் அட்டைப்பெட்டிகளைக்கூட விடாமல் பார்த்து, மெல்லிய குரலில் கேட்கவேண்டியதைக் கேட்டார்கள்: ஒன்றைப் பலமுறை பயன்படுத்தலாம் என்று விதி இருக்கும்போது தினமும் ஏன் புதியது, யார் உத்தரவு, எங்கே அந்த உத்தரவு. காட்ட ஒரு தாளும் இல்லை. வீண் செலவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து கம்பெனிக்குப் பணம் நின்றது. எனக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது, யார்மேலாவது கோபப்பட்டுத் தொலைத்தால் நிம்மதியாக இருக்கும். அவர்கள் கேட்டது சரியான கேள்வி. மக்கள் பணத்தைக் கேள்வி கேட்காமல் விட்டால் நாளைக்கே இந்த வார்டில் ஊசிகூட இருக்காது. பதில் இங்கே படுத்திருக்கிறது, அவ்வளவுதான், யாரும் மூலைவரை வரவில்லை. டாக்டர் பூங்கோதை ஒரு நாள் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, என் நாடியைப் பிடித்தபடி, ஆனால் நாடியை எண்ணாமல், சொன்னார்: "நான் ஃபைல் போடாம இல்லம்மா. ரெண்டு தடவை போட்டேன். ரெண்டு தடவையும் ஓரத்துல 'பேசவும்'னு எழுதித் திரும்பி வந்துச்சு. போய்ப் பேசினா, அதான் சொல்லியாச்சேங்கறாங்க." அரசாங்கத்தில் அதுதான் வழக்கமாம். தாளில் பதில் எழுத விருப்பமில்லாத இடத்திலெல்லாம் "பேசவும்" என்று எழுதிவிடுவார்கள், போய்ப் பேசிவிட்டு வருவார்கள், பேசியது காற்றோடு போய்விடும், தாளில் அந்த ஒரு சொல் மட்டும் நிற்கும். இப்போது அந்தக் கூடுதல் செலவை டாக்டர் சம்பளத்தில் பிடிக்கப்போவதாகச் சொல்கிறார்கள். வாழ்நாள் முழுக்கப் பிடித்தாலும் தீராத தொகை.

போன திங்கட்கிழமை கம்பெனிக்காரர் வந்திருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா, சாந்தமான மனிதர், அவருக்கும் மேலே யாரோ இருப்பார்கள் போலிருக்கிறது. வார்டுக்கு நடுவில் நின்று, "மேடம், உங்களுக்காக இதுவரைக்கும் தள்ளிட்டு வந்தேன். பழைய பாக்கி வராம இனி ஒரு பெட்டி கூட இறக்க முடியாது. இந்த வாரத்தோட சரி" என்றார். எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. கட்டிலோடு கட்டப்பட்டவர்களின் முன்னால் எதையும் சொல்லலாம் என்று எல்லோருக்கும் ஒரு தைரியம். ஆகவே வருகிற திங்கட்கிழமை ஃபில்டர் கிடையாது. மறுபடி டப்பா, மறுபடி புளித்த நெடி, அல்லது மதுரைக்கு விடியற்காலைப் பேருந்து, அங்கே வரிசை, வாரத்துக்கு ஒரு முறை கிடைத்தால் புண்ணியம். வாரத்துக்கு ஒரு முறை என்றால் என்ன என்று குருவையா காட்டிவிட்டுப் போனார், கடைசியில் ஊர்த் திருவிழாவுக்குப் போய் ஒரு முறை தவறவிட்டார், கால் வீங்கி, மூச்சு முட்டி... வேண்டாம். இன்று வருகிறது கணக்குக் குழு, சட்டமன்றத்திலிருந்து, தணிக்கைக்காரர்கள் எழுதியது சரியா தப்பா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய. அவர்கள் மனம் வைத்தால் தணிக்கை ஆட்சேபணை ரத்தாகும், பணம் போகும், திங்கட்கிழமை பெட்டி வரும். அவ்வளவு எளிது. நான் சொன்னால் போதும். நான் சொன்னால் போதுமா? எனக்கு இங்கேதான் வந்தது என்று சொன்னால் டாக்டரை விட்டுவிடுவார்களா, இல்லை தெரிந்தும் ஏன் மறைத்தாய் என்று அவர் கழுத்தைத்தான் முதலில் பிடிப்பார்களா. மேலே இருப்பவர் பேசியதற்குச் சாட்சி கிடையாது. நான் சாட்சி. கண்ணை மூடிக் கிடந்த கிழவியின் காது சாட்சி என்று எந்தக் கமிட்டி எடுத்துக்கொள்ளும். ஜெபக்கனி காலையிலேயே கெஞ்சினாள், "நீங்க பேசினா டாக்டரம்மாவுக்குத்தாம்மா கஷ்டம்." பேசாவிட்டால்? அப்போதும் டாக்டரம்மாவுக்குத்தான் கஷ்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெண் நிற்கிறாள், வெள்ளைக் கோட்டில் ஒரு பொத்தான் இல்லாமல். குழுவோடு போட்டோக்காரர் வருவார், நாளைப் பேப்பரில் என் முகம் வரும், அடியில் நோயின் பெயர் வரும், சுமித்ரா காப்பி ஆற்றிக்கொண்டே படிப்பாள், ஆற்றுவது நிற்கும், அவள் கண் முதலில் அலமாரியில் இருக்கும் என் டம்ளருக்குப் போகும், பிறகு குழந்தைக்கு. அவள் கெட்டவள் இல்லை. அதனால்தான் தாங்க முடியாது. கோபித்துக் கத்தினால் பரவாயில்லை, மெதுவாகக் குழந்தையை என் மடியிலிருந்து எடுப்பாள்.

கெண்டைக்கால் இழுக்கிறது. வந்துவிட்டது, இந்தச் சனியன், உள்ளே யாரோ கயிறு முறுக்குவதுபோல், கட்டைவிரல் தானாக மேலே விறைக்கிறது, தண்ணீரை அதிகமாக உறிஞ்சிவிட்டது இயந்திரம், கூப்பிட்டால் ஜெபக்கனி வந்து உப்புநீர் விடுவாள், ஆனால் இப்போது கூப்பிட முடியாது, ஷூக்கள் வருகின்றன. நிறைய ஷூக்கள். பளபளக்கும் கறுப்பு, மண் ஒட்டிய பழுப்பு, ஒரு வெள்ளை வேட்டிக் கரை, அதன் கீழே வார்ச்செருப்பு, குதிகால் வெடித்த பாதம், இடது முழங்காலைத் தாங்கித் தாங்கி வைக்கிற நடை. அவர்தான் தலைவராக இருக்க வேண்டும், மற்றவர்கள் அவர் நடைக்குத் தக்கபடி குறைத்துக்கொள்கிறார்கள். வெற்றிலை போட்ட குரல். "எத்தனை மிஷினு?" ஒருவர் சொன்னார். "எல்லாம் ஓடுதா?" "எல்லாம் ஓடுதுங்கய்யா." அந்த இழுப்பு, அந்த மூக்கு. அவரேதான், இணை இயக்குநர். கட்டில் கட்டிலாக வந்தார்கள். சாப்பாடு எப்படி, பஸ் வசதி உண்டா, யாராவது காசு கேட்டார்களா. கேட்டதெல்லாம் நல்ல கேள்விகள். நல்லாக் கவனிக்கிறாங்க, நல்லாக் கவனிக்கிறாங்க என்று வார்டு முழுக்க ஒரே பதில், பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல். பிறகு காஜா பாயின் கட்டில். "என்ன பாய், எப்படிப் பாத்துக்கறாங்க?" பாய் தொண்டையைச் செருமினார். "தங்கமா பாக்காகய்யா. பொய் சொன்னா அல்லா கேப்பான். நான் பிரைவேட்டுலயும் பாத்துருக்கேன், வீட்டை வித்து. அங்ககூட கழுவித்தான் மாட்டுவானுவ. இங்க ஒவ்வொரு வாட்டியும் புத்தம்புது ஃபில்டரு. கவரைக் கண்ணு முன்னாடி பிரிச்சுக் காட்டிட்டுத்தான் மாட்டுவாக. நான் இங்க வந்ததுல இருந்து ஒரு நாள், ஒரு நாள்கூடப் பழசு போட்டதில்ல இந்த டாக்டரம்மா. எழுதிக்கிடுங்கய்யா, அவுக பேர் பூங்கோதை!"

எழுதிக்கொண்டார்கள். பேனா ஓடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. பாயின் மூச்சு மட்டும் சந்தோஷமாக வாங்கியது, நல்லது செய்துவிட்ட மனிதனின் மூச்சு, டாக்டருக்கு ஒரு பதக்கமே வாங்கிக் கொடுத்துவிட்டதாக நினைத்திருப்பார். ஐயோ பாய். உங்கள் நன்றியை அப்படியே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்களே. "அப்ப ஆடிட்ல சொன்னது சரிதான்" என்றது ஓர் இளம் குரல், தாள் புரளும் சத்தம், "ஒரு நாள்கூட ரீயூஸ் பண்ணலை. நோயாளியே சொல்றார்." தலைவர், "யார் உத்தரவுல டாக்டர் இது?" என்று கேட்டார். வார்டின் அந்தக் கோடியிலிருந்து டாக்டர் பூங்கோதையின் குரல் புறப்பட்டது, "ஐயா, அப்போ இருந்த சூழ்நிலையில..." அதற்குள் மூக்குக் குரல் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. "யூனிட் அளவுல அவங்களே எடுத்த முடிவுங்கய்யா. எங்க கவனத்துக்கு வரல. வந்திருந்தா அன்னிக்கே தடுத்திருப்பேனே." இழுத்தார். அந்த "ப்பேனே" திரைத் துணியைக் கிழித்துக்கொண்டு என் காதில் இறங்கியது. கால் நரம்பு உச்சத்துக்கு முறுக்கியது, நான் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், குளிர்ந்த கம்பி, டாக்டர் இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று ஒரு வரி, அவ்வளவுதான், அவர் சொல்லவில்லை. சின்ன வயது. இன்னும் எவ்வளவோ வருஷ வேலை பாக்கி. இந்த ஆள் கையெழுத்துப் போட்டால்தான் ஊருக்குப் பக்கத்தில் மாறுதல், அம்மாவுக்குப் பக்கவாதம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அவர்மேலும் கோபப்பட முடியவில்லை. வெடித்த குதிகால் திரும்பியது, என் பக்கமாக. "அது என்ன திரை?" "ஐசொலேஷன்ங்கய்யா. தொற்று இருக்கிற கேஸ். பக்கத்துல போகவேண்டாம், உங்க பாதுகாப்புக்குத்தான்." தொற்று. சொல்லிவிட்டார். அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இப்போது யாராவது ஒருவர், எங்கிருந்து வந்த தொற்று என்று கேட்டால் போதும். அட்டைப்பெட்டிகளைப் பார்த்தவர்கள், பூந்தொட்டிகளைத் தாண்டி வந்தவர்கள், யாராவது. "ஓ, சரி சரி" என்றார் தலைவர். குதிகால் திரும்பியது. எல்லா ஷூக்களும் திரும்பின.

"ஐயா." குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது, நாக்கு கட்டையாகக் கிடக்கிறது. எச்சிலைக் கூட்டினேன், இல்லாத எச்சிலை. "ஐயா, இங்க ஒரு ஆள் இருக்கேன்." இந்த முறை வந்தது, எனக்கே தெரியாத உயரத்தில், கோளாறான இணைப்பில் வெளியூருக்குக் கத்துவோமே அப்படி. ஜெபக்கனி, "அம்மா, அம்மா" என்று ஓடி வந்தாள். ஷூக்கள் நின்றன. "யாரும்மா?" "திரையை எடுக்கச் சொல்லுங்க ஐயா." "பேஷன்ட்டுக்கு பி.பி. இறங்கினா இப்படித்தான் உளறுவாங்க, நாம அடுத்து ஸ்டோருக்கு..." என்றார் இணை இயக்குநர். வெடித்த குதிகால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு தாங்கித் தாங்கி வந்தது. துணியை விலக்கிய கை கரடுமுரடாக இருந்தது, உழவு பார்த்த கை. வெள்ளை வேட்டி, களைத்த முகம், மூக்குக்குக் கீழே நழுவிய முகக்கவசம். "சொல்லும்மா." என்ன சொல்வது என்று எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்தேன், அழகான வாக்கியங்கள், ஒன்றும் ஞாபகம் இல்லை. "எனக்கு இந்தக் கிருமி வீட்டுல இருந்து வரல. கழுவி மாட்டினாங்களே, அதுல இங்கதான் வந்துச்சு. எனக்கும் குருவையாவுக்கும். அவர் போயிட்டார். எங்களுக்குக் கிருமி வந்தப்புறம்தான் எல்லாருக்கும் புதுசு போடச் சொன்னாங்க. சொன்னவர் அதோ நிக்கிறார், இந்தக் கட்டில் ஓரத்துல நின்னுதான் சொன்னார், தாள்ல எழுதக்கூடாதுன்னும் சொன்னார்." இணை இயக்குநர் சிரித்தார். சிரிக்கத்தான் செய்தார். "ஐயா, இதெல்லாம் ரிக்கார்டுல எங்கயும் கிடையாது. வெளியில பல்லு புடுங்கின இடத்துல வந்திருக்கலாம்." "எனக்கு அப்பவே பல்லு கிடையாதுங்க" என்றேன். பாய் கட்டிலிலிருந்து கெக்கென்று ஒரு சத்தம், பிறகு அடக்கிக்கொண்டார், "யக்கா, நான் தெரியாமச் சொல்லிட்டனோ" என்றார் மெதுவாக, அழுகை கலந்து.

தலைவர் என்னைப் பார்த்தார், டயலைசரைப் பார்த்தார், பசை காய்ந்த சதுரத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. யோசித்தார். "இது பெரிய விஷயம். விசாரணை வைக்கச் சொல்லி எழுதறோம்" என்றார். அந்த இளம் குரல்காரர், கண்ணாடி போட்டவர், தாளில் குறித்துக்கொண்டே, "அப்ப விசாரணை முடியறவரைக்கும் இந்த பில்லை நிறுத்திவைக்கறதா போட்டுக்கறேங்கய்யா" என்றார். நிறுத்திவைப்பது. எனக்குச் சிரிப்பு வந்தது, கால் இழுப்போடு சேர்ந்து வந்ததால் அது என்ன சத்தமாகக் கேட்டிருக்குமோ. உண்மையைச் சொன்னேன், அது நேராகப் போய் ஒரு விசாரணைக்குள் உட்கார்ந்துகொண்டது, விசாரணை அடுத்த வெயில் காலம்வரை போகும், அதற்குள் எத்தனை "பேசவும்". இதற்கா வாயைத் திறந்தேன். இதற்கா நாளைக்குச் சுமித்ராவின் முகத்தைப் பார்க்கப்போகிறேன். "விசாரிங்க ஐயா. நல்லா விசாரிங்க. திங்கக்கிழமை எனக்கு எதை மாட்டுவாங்க?" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். "ஃபில்டர் இந்த வாரத்தோட முடிஞ்சுது. கம்பெனிக்காரர் சொல்லிட்டுப் போயிட்டார். எனக்குப் போட்டதைக் கழுவி மாட்டினா அது எனக்கே போகட்டும். மாறிடுச்சுன்னா?" அதை நான் வார்டுக்குக் கேட்கும்படி சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் கேட்டுவிட்டது. "அப்ப எனக்கு, ஐயா?" என்றார் பாய். அடுத்து அதற்கும் அந்தப்பக்கம் ஒரு பெண் குரல், இதுவரை நல்லாக் கவனிக்கிறாங்க என்று மட்டும் சொன்ன குரல், "எனக்குங்கய்யா? எனக்கும் திங்கக்கிழமைதான்." பிறகு ஜன்னலோரக் கட்டில். பிறகு யார் யார் என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. யாரும் எழுந்து வர முடியாது, எல்லோருக்கும் கையில் ஊசி, படுத்தபடியே கேட்டார்கள். ஓர் இயந்திரம் அலறத் தொடங்கியது, ஜெபக்கனி அதை நோக்கி ஓடினாள்.

தலைவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மாற்றி நின்றார். "டாக்டரம்மா, திங்கக்கிழமை எத்தனை பேரு?" கூட்டம் விலகியது. டாக்டர் பூங்கோதை என் கால்மாட்டுக்கு வந்து நின்றார், அன்று இணை இயக்குநர் நின்ற அதே இடத்தில். என் விறைத்த கட்டைவிரலைப் பார்த்ததும் கை தானாக வந்து பாதத்தைப் பிடித்து வளைத்து அழுத்தியது, நரம்பு மெல்ல இறங்கியது. பாதத்தை விடாமலேயே பேசினார். "பேர் சொல்றேன், எழுதிக்கோங்க." இணை இயக்குநர், "மேடம், லிஸ்ட் ஆபீஸ்ல இருக்கு, அதை அப்புறமா..." என்றார். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "வனஜாட்சி. ஹெபடைடிஸ் சி. இந்த வார்டுலதான் வந்துச்சு, கழுவிப் போட்ட டயலைசர்ல." கண்ணாடிக்காரர் பேனாவைத் தாள்மேல் வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். தலைவர் தாளைத்தான் பார்த்தார். "இந்த வார்டுலதான்" என்று டாக்டர் இன்னொரு முறை சொன்னார், என் பாதத்தை இறுக்கிப் பிடித்தபடி, கண்ணாடிக்காரர் எழுதி முடிக்கும்வரை அடுத்த பெயருக்குப் போகவில்லை.